‘ஆன் டைம்’ வேறு, ‘இன் டைம்’ வேறு: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் டெல்டா பிள்ளைகளுக்கு

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் படிக்கிற திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகள் பலருக்குக் கணக்கில் இருக்கிற துணிச்சல் ஆங்கிலத்தில் இருப்பதில்லை. நானும் மன்னார்குடிப் பக்கம் தமிழ் வழியில் படித்து, இந்தத் தேர்வுகளை எழுதி வேலைக்கு வந்தவன்தான். மாலையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் படிக்க வரும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு கருத்தை எடுங்கள். அதைச் சுற்றியுள்ள சொற்களையெல்லாம் ஒரே மூச்சில் படியுங்கள். உதாரணத்துக்கு, நேரத்தோடு வருவது, முந்திச் செய்வது என்ற கருத்தையே எடுத்துக்கொள்வோம்.

இதைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு மேட்டூர் அணை போதும். குறுவைக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2023இல் அதே நாளில் திறந்தார்கள். அது ‘ஆன் ஷெட்யூல்’. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அது ‘அஹெட் ஆஃப் ஷெட்யூல்’. 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அது ‘பிஹைண்ட் ஷெட்யூல்’. இந்த மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவருக்கு மூன்று தொடர்களும் மறக்காது.

இனி, தேர்வில் அதிகம் சறுக்குகிற இடத்துக்கு வருவோம். குறித்த நாளில் அணை திறந்தால் அது ‘ஆன் டைம்’. ஆனால் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு ஜூன் 12 என்ற தேதியால் மட்டும் பயனில்லை. பயிர் வாடுவதற்குள் அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர வேண்டும். அப்படி வந்தால் அது ‘இன் டைம்’. முன்னது கடிகாரத்தையும் நாள்காட்டியையும் பார்க்கிறது. பின்னது காரியம் கெடாமல் இருந்ததா என்று பார்க்கிறது. ரயில் ‘ஆன் டைம்’ புறப்படும். அதைப் பிடிக்க நாம் ‘இன் டைம்’ போய்ச் சேர வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில், பின்னால் ‘டு சேவ்’, ‘டு கேட்ச்’ என்று ஒரு நோக்கம் தொடர்ந்தால் பெரும்பாலும் ‘இன்’தான் விடை.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பயிர் கருகியிருக்கும் என்ற நிலையில் தண்ணீர் வந்தால் ‘இன் த நிக் ஆஃப் டைம்’. இதையும் ‘அட் தி லெவன்த் அவர்’ என்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பின்னது பைபிளில், மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையிலிருந்து வந்தது. பன்னிரண்டு மணி நேரப் பகலில் பதினோராம் மணி வேளையில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் கதை அது. கடைசி நேரம் என்பது மட்டுமே அதன் பொருள். காரியம் தப்பிப் பிழைத்ததா என்பதை அது சொல்லாது. ‘நிக்’ வந்தால் பிழைத்துவிட்டது என்று பொருள்.

துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடத் தொடங்குபவரைப் பற்றியது ‘ஜம்ப் த கன்’. நாம் முந்திரிக்கொட்டைத்தனம் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். ‘ஆன் த டாட்’ என்றால் நொடி பிசகாமல். ‘அட் த க்ராக் ஆஃப் டான்’ என்றால் பொழுது விடியும்போதே. இவை எளியவை, ஒருமுறை படித்தால் நிற்கும்.

நீடாமங்கலத்திலிருந்து வரும் ஒரு தங்கை தன் நோட்டில் ‘ஐ ரீச்ட் த சென்டர் பிஃபோர் டென் மினிட்ஸ்’ என்று எழுதிவிட்டு, “இதில் என்ன அண்ணா தவறு?” என்று கேட்டாள். பத்து நிமிடத்துக்கு முன் என்று நாம் நினைப்பது அப்படியே ஆங்கிலத்தில் இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எண் முதலில் வரும்: ‘டென் மினிட்ஸ் எர்லி’, ‘டென் மினிட்ஸ் அகோ’, ‘டென் மினிட்ஸ் பிஃபோர் த எக்ஸாம்’. பிழை கண்டறியும் வினாவில் இதைப் பார்த்தவுடன் பிடித்துவிட வேண்டும். அதே போல, நம்முடைய ‘சீக்கிரம்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: குறித்த நேரத்துக்கு முன் என்றால் ‘எர்லி’, இனிச் சிறிது நேரத்தில் என்றால் ‘சூன்’, வேகமாக என்றால் ‘குயிக்லி’.

குறித்த நேரம் தவறாதவர் ‘பங்க்சுவல்’. கேட்டவுடன், நடந்தவுடன் தாமதமின்றிச் செய்வது ‘ப்ராம்ட்’. அதற்குக் குறித்த நேரம் ஒன்று இருக்க வேண்டியதில்லை. ‘ப்ராம்ட்’ வினைச்சொல்லாக வந்தால் தூண்டுவது என்று பொருள் மாறிவிடும். ஒரு பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்ட்டில் கவனம் தேவை. ‘பங்க்டிலியஸ்’ என்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். புள்ளி என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தாலும், அது முறைமைகளைச் சிறிதும் பிசகாமல் கடைப்பிடிப்பவரைக் குறிக்கும். ‘டைம்லி’ என்பது பெயரடை மட்டுமே. ‘டைம்லி ஹெல்ப்’ சரி. ‘ஹி ஹெல்ப்ட் மீ டைம்லி’ தவறு. தேர்வைத் தேதிக்கு முன்னால் நகர்த்துவதற்கு நாம் பேச்சில் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்திய ஆங்கிலம். எழுதும்போது ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ பாதுகாப்பானது. ஒரு வாக்கியத்தின் முதல் பாதியில் ‘நோ சூனர்’ வந்தால் அடுத்த பாதி ‘தேன்’ (than) என்று தொடங்கும். ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ வந்தால் ‘வென்’. இந்த விதிக்கு விளக்கம் தேட வேண்டாம், கையில் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி, எழுத்தர் முதல்நிலைத் தேர்வுகளில் 30 ஆங்கில வினாக்களுக்கு 20 நிமிடம், அதாவது ஒரு வினாவுக்கு 40 நொடி. பத்தி வாசித்து விடையளிக்க அதைவிட அதிக நேரம் ஆகும் என்பதால், இது போன்ற வினாக்களைப் பத்துப் பதினைந்து நொடியில் முடித்தாக வேண்டும். பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல்நிலையில் ஒரு தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். பாதி தெரிந்த மரபுத்தொடரை ஊகித்து எழுதுவதைவிட விட்டுவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

நோட்டில் ஒரு பக்கத்தின் குறுக்கே கோடு போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் குறித்த நேரம். ‘ஆன் த டாட்’ புள்ளியின் மேல், ‘அஹெட் ஆஃப் ஷெட்யூல்’ இடப்பக்கம் தள்ளி, ‘லெவன்த் அவர்’ புள்ளியை ஒட்டி இடப்பக்கம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் எழுதி, கீழே நீங்களே அமைத்த ஒரு வாக்கியத்தைச் சேருங்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் ஊர் வரட்டும். இடப்பக்கம் நிறைந்த பிறகு வலப்பக்கத்துக்குப் போகலாம்: தாமதமாகச் சொல்லும் வாழ்த்துக்கு ‘பிலேட்டட்’, தவணை கடந்த கடனுக்கும் நூலகப் புத்தகத்துக்கும் ‘ஓவர்டியூ’, நேரம் தப்பி வரும் ஆளுக்கு ‘டார்டி’.