சைபர் எங்க போச்சு தம்பி?

காரைக்குடியில் ஆத்தங்குடி டைல்ஸ் விற்கிற ஓர் அண்ணனுக்கு பில் கணக்கை எக்செலில் எடுத்துத் தருகிற சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து போன்: "என்ன தம்பி, லேண்ட்லைன் நம்பர்லாம் 4565ன்னு ஆரம்பிக்குது, முன்னாடி இருந்த சைபர் எங்க போச்சு?"

தப்பு என்னுடையதுதான். எந்தக் காலம் (டேபிளின் நெடுவரிசை, column) எண், எது எழுத்து என்று டேட்டாபேஸைக் கேட்காமல், முதல் வரியை எட்டிப் பார்த்து வெறும் இலக்கமாக இருந்தால் எண் என்று முடிவு கட்டியிருந்தேன், 04565 வந்ததும் இன்ட் போட்டு (முழு எண்ணாக மாற்றி) சைபரை விழுங்கிவிட்டது. இதே வேலை வேறு இடத்திலும் கடித்தது: முதல் பில்லில் அட்வான்ஸ் தொகை காலியாக (டேட்டாபேஸ் பாஷையில் நல், null) இருந்தால் அந்தக் காலம் முழுக்க எழுத்தாகி, எக்செலில் கூட்டல் வராது. வரியே வராத நாளில் பார்க்க முதல் வரியும் கிடையாது!

பைத்தானில் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி) ஓடியதும், அதன் பதிலைக் கொண்டுவருகிற கர்சரின் டிஸ்கிரிப்ஷனைப் பார்த்தால் போதும், ஒவ்வொரு காலத்துக்கும் ஏழு விவரம் இருக்கும், இரண்டாவதுதான் டைப் கோடு, எண்ணா எழுத்தா என்று சொல்வது. ஆனால் அப்போது கடையில் இருந்தது எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸ், அதில் பெயரைத் தவிர மற்ற ஆறும் நன் (None, ஒன்றுமில்லை) என்றே வரும். காரணம் இருக்கிறது: அங்கே டைப் மதிப்போடு போகிறது, காலத்தோடு இல்லை, இன்டிஜர் (முழு எண்) என்று போட்ட காலத்தில் "பத்து பெட்டி" என்று எழுதினாலும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் குடோனிலும் கம்ப்யூட்டர் வைத்ததால் போஸ்ட்கிரெஸ் என்கிற வேறு டேட்டாபேஸுக்கு மாறினோம். பைத்தானை அதோடு இணைக்கிற சைகோபிஜி2 தருகிற கோடு நேராக போஸ்ட்கிரெஸின் ஓஐடி, அதாவது ஒவ்வொரு டைப்புக்கும் அது வைத்திருக்கிற எண்: 23 இன்டிஜர், 25 டெக்ஸ்ட், 1082 தேதி. வரியே இல்லாவிட்டாலும் கோடு வரும். 23 வந்தால் எண், வலப்பக்கம் ஒட்டு என்று எழுதி நிம்மதியாக இருந்தேன். மறுநாள் பார்த்தால் பெட்டி எண்ணிக்கை சரி, அதன் மொத்தம் மட்டும் இடப்பக்கம் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. இன்டிஜரை சம் (கூட்டல்) போட்டால் வருவது பிக்இன்ட் (பெரிய முழு எண்), அதன் எண் 20. பிக்இன்ட்டையே சம் போட்டால் நியூமெரிக் என்கிற இன்னொரு எண் டைப், 1700. டேபிளில் இருக்கிற டைப் வேறு, குவெரி திருப்பித் தருகிற டைப் வேறு, நான் டேபிளைப் பார்த்து லிஸ்ட் எழுதியிருந்தேன்.

20, 1700 இரண்டையும் லிஸ்டில் சேர்த்து புது ஃபைலைக் கொண்டுபோனேன். அண்ணன் மொத்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, 04565 இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு காபி சொன்னார்.