ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 50 கிலோ, அரைக்கிலோ அரைக்கிலோவாக

ஒருவழியாக ஓவர்ஹெட் பிரஸ்ஸில், அதாவது நின்றபடி பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவதில், 50 கிலோ. மூன்று செட், செட்டுக்கு ஐந்து ரெப்ஸ் (விடாமல் ஐந்து தடவை தூக்கினால் ஒரு செட்), முழங்கால் மடங்காமல், யாரும் பின்னால் நின்று பிடிக்காமல். 72 கிலோ உடம்புக்கு இதெல்லாம் ஒரு எடையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 40 கிலோவிலேயே மாசக்கணக்கில் முட்டி மோதி நின்றவனுக்குத்தான் இந்தப் பத்துக் கிலோவின் அருமை தெரியும்.

அப்படி நின்றுபோன காலத்தில் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. கிரிப்பை (பாரைப் பிடிக்கிற இடத்தை) அரை இன்ச் உள்ளே கொண்டு வா, பிசிஏஏ என்கிற அமினோ அமிலப் பொடியைக் கரைத்துக் குடி, ஒர்க்அவுட் முடிந்து அரை மணிக்குள் புரோட்டீன் ஷேக் உள்ளே போகாவிட்டால் செய்ததெல்லாம் வீண், பின்தோளுக்குக் கேபிளை இந்தக் கோணத்தில் இழு. காயே இல்லாத சட்டியில் கடுகை மட்டும் எத்தனை தடவை தாளிப்பது? சொன்னவர்களில் ஒருத்தர்கூடப் போன வாரம் எத்தனை கிலோ, எத்தனை ரெப்ஸ் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டை நீட்டியிருப்பேன். பெஞ்சில் (படுத்தபடி மார்புக்கு மேலே தூக்குவதில்) எவ்வளவு போடுகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டால், "எழுபது எண்பது இருக்கும் ப்ரோ" என்கிறார்கள். எழுபதா எண்பதா என்றே தெரியாதபோது அடுத்த வாரம் எதன் மேல் கூட்டுவது?

என் சிக்கல் வெறும் கணக்கு. எங்கள் ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் இரண்டரைக் கிலோ, பாரின் இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் ஐந்து கிலோ. ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில்) 100-லிருந்து 105 போவது ஐந்து சதவீதம், இடுப்பும் தொடையும் முனகிக்கொண்டே தாங்கிவிடும். பிரஸ்ஸில் 40-லிருந்து 45 என்றால் பன்னிரண்டரை சதவீதம், அதையும் தோளும் ட்ரைசெப்ஸும் (மேற்கையின் பின்தசை)தான் சுமக்க வேண்டும். 40-ல் ஆறு ரெப்ஸ் சுத்தமாக வரும். 45 போட்டால் இரண்டாவது ரெப்பில் பார் நெற்றிக்கு நேரே வந்து நின்றுவிடும், மேலேயும் போகாது கீழேயும் வராது.

எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது ஒன்றும் புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்கிற மருத்துவர், அடிபட்டு வந்த சிப்பாய்களின் தேய்ந்துபோன தொடைகளுக்கு இதைத்தான் செய்தார். அதுவரை லேசான எடையைப் பல தடவை தூக்க வைப்பதுதான் வழக்கம். இவர் கனமான எடை, குறைந்த ரெப்ஸ், தாங்கத் தாங்க ஏற்று என்று மாற்றி, 1945-ல் எழுதியும் வெளியிட்டார். இந்த விளையாட்டின் அடித்தளமே அதுதான். ஆனால் ஏற்றுவதற்குச் சின்ன பிளேட் வேண்டாமா?

இணையத்தில் மைக்ரோ பிளேட் என்று இரண்டரைக் கிலோவுக்கும் சின்னது கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிவிட்டேன். கோவையில் இருந்துகொண்டு இரும்பு வட்டத்தை வெளியூரிலிருந்து வரவழைப்பதா? கணபதிப் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் (இரும்பைக் கடையும் மிஷின்) பட்டறை. கணக்கு வீட்டிலேயே போட்டேன். இரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். ஒலிம்பிக் பாரின் ஸ்லீவ் (பிளேட் மாட்டுகிற முனை) 50 மில்லிமீட்டர், அதனால் ஓட்டை 52 (சரியாக 50 போட்டால் ஜென்மத்துக்கும் உள்ளே போகாது). வெளிவிட்டம் 104, கனம் 10 என்று வைத்தால் அச்சாக அரைக்கிலோ. கனத்தை 20 ஆக்கினால் ஒரு கிலோ. அரைக்கிலோவில் இரண்டு ஜோடி, ஒரு கிலோவில் ஒரு ஜோடி இருந்தால் போதும். இரண்டரைக் கிலோ பிளேட்டை எடுக்கும் வரைக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லாப் படியும் வந்துவிடும்.

ஸ்கெட்சைப் பார்த்த பட்டறை அண்ணன், "எந்த மிசினுக்குங்க இந்த வாசரு?" என்றார்.

"தூக்கறதுக்குங்ணா."

"அரைக்கிலோவத் தூக்கறதுக்கு எதுக்குங்க தம்பி ஜிம்முக்குப் போறீங்க?"

சிரித்தாலும் மனுசர் வேலையில் சுத்தம். 110 மில்லிமீட்டர் ரவுண்டு பிட் ஒன்று கைவசம் கிடந்தது, அதிலேயே நடுவில் ஓட்டை போட்டு, வெளியே சீவி, துண்டு துண்டாக வெட்டினார். அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் தடிமனாகவே விட்டு வைத்து, பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்து, திரும்பவும் லேத்தின் சக்கில் (துண்டைப் பிடிக்கும் பிடியில்) மாட்டி முகத்தைச் சீவுவது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் ஐந்து கிராம் குறையும். 515 காட்டினால் மூன்று முறை மெல்லிசாக ஒரு கட். கடைக்கும் பட்டறைக்கும் நான் நடந்த நடையே அன்றைய கார்டியோ. கடைசியில் அரைக்கிலோ வில்லைகள் நான்கும் 500-க்கு இரண்டு மூன்று கிராம் முன்பின்னாக வந்து நின்றன. ஓரத்தின் கூரைச் சீவி சாம்பர் பண்ண மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாட்டும்போது விரலைக் கிழிக்கும்.

இந்தத் துல்லியத்தோடு ஜிம்முக்குப் போய்ப் பெரிய பிளேட்டுகளைத் தொங்கு தராசில் மாட்டினால் தலை சுற்றியது. 10 என்று வார்த்திருக்கிற பிளேட்டுகளில் ஒன்று 9.4, இன்னொன்று 10.3. என் அரைக்கிலோவை இந்த வித்தியாசமே தின்றுவிடும். பார் மட்டும் பரவாயில்லை, 20-க்கு நூறு கிராம்தான் கம்மி. ஒத்துப்போகிற ஜோடிகளைப் பொறுக்கி, ஓட்டைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறேன். ஆக மேலே சொன்ன 50, தராசில் கூட்டிப் பார்த்த 50.

முறை எளிது. மூன்று செட்டிலும் ஐந்து வந்தால் அடுத்த முறை ஒரு கிலோ, பக்கத்துக்கு அரைக்கிலோ. வராவிட்டால் அதே எடை, நோட்டில் எத்தனை வந்ததோ அத்தனை. 44-லும் 47-லும் நன்றாகவே அடி வாங்கினேன். சோர்வு வந்தால் முதலில் கெடுவது முதுகு. பார் நெற்றியைத் தாண்டாதபோது உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்து, நின்றபடி போடுகிற இன்க்ளைன் பெஞ்ச் (சாய்ந்து படுத்து மார்பால் தூக்குவது) ஆகிவிடும். ஒலிம்பிக் பளுதூக்குதலில் இந்த பிரஸ்ஸும் ஒரு போட்டியாக இருந்தது. இப்படிச் சாய்ந்து சாய்ந்து நடுவர்களால் தீர்ப்பே சொல்ல முடியாமல் போக, 1972 மியூனிக்கோடு எடுத்துவிட்டார்கள். நான் செய்வது, பாரை எடுத்ததும் பிட்டத்தை இறுக்கி, வயிற்றில் மூச்சைப் பிடித்து, முகத்தை மட்டும் லேசாகப் பின்னுக்கு இழுத்து, பார் நெற்றியைத் தாண்டியதும் தலையை முன்னால் நுழைப்பது. அவ்வளவுதான். கிரிப்பை நான் இன்றுவரை மாற்றவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். எடை தூக்குகிறவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு, எனக்கு 115 கிராம். ஆறு முட்டையில் 36, ஐம்பது கிராம் மீல்மேக்கரில் 26, எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோவில் ஐம்பத்தைந்து சொச்சம். அங்கேயே முடிந்தது, சோறு பருப்பு தயிரெல்லாம் மேலே. அரை மணிக்குள் குடித்தேனா, முக்கால் மணி ஆனதா என்று கடிகாரம் பார்த்ததே இல்லை. டப்பாவில் வாங்குவது தசைக்குக் கொஞ்சம் கூடுதல் தெம்பு தருகிற கிரியேட்டின் மட்டும், அதுவும் எந்த ஃபிளேவரும் இல்லாத மோனோஹைட்ரேட், தினம் ஐந்து கிராம். வங்காளத்து பாடிபில்டர் மனோகர் ஐச் 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் உயரப் பிரிவில் பட்டம் வாங்கினார், உயரம் 4 அடி 11 அங்குலம். ஆளுக்குச் சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்று சாதாரணச் சாப்பாடுதான், 104 வயது வரை இருந்தார். இதைச் சொன்னால் எங்கள் ஜிம் பையன்கள், "அவருக்கு ஜெனடிக்ஸ் ப்ரோ" என்று முடித்துவிட்டுக் கேபிள் கோணத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். தூங்குவது ஐந்து மணி நேரம், ரீல்ஸ் பார்ப்பது மூன்று மணி நேரம், ஆனால் உள்மார்புக்குத் தனி எக்சர்சைஸ் வேண்டுமாம்!

50-க்கு மேலே ஒரு கிலோவும் கனக்க ஆரம்பிக்கும் என்று இப்போதே தெரிகிறது. அதனால் கால் கிலோ வில்லை ஒரு ஜோடி, அதே விட்டம், கனம் ஐந்து மில்லிமீட்டர். இதே வில்லைகளை பெஞ்சுக்கும் கொண்டுபோகலாமா, இல்லை 55 தொட்டபின் பார்க்கலாமா என்று யோசனை. வீட்டு மாடியில் பாரைத் தாங்கி வைக்க ஒரு ரேக் அடிக்கவும் ஆசை, இரண்டு இன்ச் ஸ்கொயர் பைப் விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு தொல்லை. கை வியர்வை பட்டு வில்லைகள் துரு பிடிக்கின்றன. பெயின்ட் அடித்தால் ஒன்றோடொன்று உரசி உதிர்கிறது, எடையும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்) போட்டால் கூடுவது ஒன்றிரண்டு கிராம்தான். ஆனால் விசாரித்த இடத்தில் ஆறு வில்லைக்கெல்லாம் தொட்டியில் இறக்க மாட்டோம், சாக்கு மூட்டை அளவுக்குக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கணபதி, சரவணம்பட்டிப் பக்கம் சில்லறையாகப் போட்டுத் தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.