வெங்காயத்த யாராவது வறுப்பாங்களா?

போன வாரம் அம்மாகிட்ட கேட்டு வத்தக்குழம்பு வச்சேன், நல்லா வந்துச்சேன்னு சொல்றதுக்கு திரும்ப போன் போட்டா பேச்சுவாக்குல "வெங்காயத்த நல்லா வறுத்து..."ன்னு சொல்லிட்டேன். "வெங்காயத்த யாராவது வறுப்பாங்களாடி? வதக்கணும்"னாங்க. ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம், இங்கிலீஷ்ல எல்லாம் ஃப்ரைதானேன்னு கேட்டேன். "வதக்குனா வதங்கணும், அவ்ளோதான்", போன வச்சுட்டாங்க.

அட, அடங்கு அடக்கு மாதிரி வதங்கு வதக்கு! கீரையோ வெங்காயமோ அதோட தண்ணிய விட்டு துவண்டு போகுதுல்ல, அதான் வதங்குறது. வெயில்ல அலைஞ்சுட்டு வந்தா முகம் வதங்கிப் போச்சுன்னு சொல்றதும் இதேதான். (மனசு சரியில்லன்னா வாடிப் போச்சும்பாங்க. சோறு கட்டுற வாழை இலைய அனல்ல வாட்டுவோம், யாரும் வதக்க மாட்டாங்க, வதக்குறதுக்கு எண்ணெய் வேணும்.)

வறு அப்படி இல்ல, அதுல ஈரமே மிஞ்சக் கூடாது, வறட்சி வறண்ட வறுமை எல்லாம் ஒரே வேர்தான். ரவை, வெந்தயம், வேர்க்கடலை எல்லாம் வறுக்கறோம், உருளைக்கிழங்கு வறுவலுக்கு எண்ணெய் ஊத்தினாலும் கடைசில மொறுமொறுன்னு காஞ்சுதான் வரணும்.

என்னைய ரொம்ப ஏமாத்துனது பொரி. எண்ணெய்ல முங்க விட்டு எடுக்கறதுதான் பொரிக்கிறதுன்னு இத்தன வருஷமா நம்பிட்டு இருந்தேன், ஆனா ஆயுத பூஜைக்கு வாங்குற பொரி சுடு மணல்ல பொரிக்கிறது, அதுல எங்க எண்ணெய்? தாளிக்கும்போது கடுகு பொரியுது, கோழி குஞ்சு பொரிக்குது. வெடிச்சு விரியறதுதான் விஷயம் போல! அப்பளம் எண்ணெய்ல விழுந்ததும் உப்பி விரியுது பாருங்க, பொரிக்கிறதுன்னா அதான்.

இதுல ஒரு யாழ்ப்பாணத் தோழி வீட்டுல சாப்பிடப் போனப்ப கத்தரிக்காய்ப் பொரியல்னு சொன்னதும் நம்ம ஊர் மாதிரின்னு நெனச்சு தட்ட நீட்டினேன், வந்தது நெஜமாவே எண்ணெய்ல பொரிச்ச கத்தரிக்காய். நாம தேங்காய் துருவிப் போட்டு செய்யற பொரியல் அவங்களுக்கு வறையாம். அன்னிக்கு சிரிச்சேன், இப்ப யோசிச்சா அவங்க சொல்றதுதான் சரியா இருக்கு, நம்ம பீன்ஸ் பொரியல்ல கடுகத் தவிர எதுவுமே பொரியறதில்ல.