வட்ட நிழலைக் கண்டதும் ஊசியை எடுக்காதீர்கள்

நுரையீரல் எக்ஸ்ரேயில் உருண்டையாக, ஓரம் வழவழவென்று, உள்ளே ஒரே சீராக வெளுத்த நிழல் ஒன்று தெரிந்தால், "வீட்டில் எப்போதாவது நாய் இருந்ததா? ஆடு வளர்த்தீர்களா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். இருமலுக்கு வந்தவரிடம் இதை ஏன் கேட்கிறேன் என்று பக்கத்தில் நிற்கும் இளம் மருத்துவர்கள் விழிப்பார்கள்.

எக்கினோகாக்கஸ் என்ற குட்டி நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண், தண்ணீர், கழுவாத கீரை, கை வழியாக நம் வாய்க்குள் போகின்றன. குடலில் பொரிந்த இளம்புழு ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகும். அதைத் தாண்டிவிட்டால் நுரையீரல். அங்கே நீர்க்கட்டியாக வருடக்கணக்கில் வளரும். எக்ஸ்ரேயில் தெரியும் அந்த வட்ட நிழல் இந்தக் கட்டியாக இருக்கலாம். நாயோடு விளையாடியது சிறுவயதில், கட்டி தெரிவது முப்பது வயதுக்கு மேல் என்பதெல்லாம் சாதாரணம்.

ஒருவர் இருமியபோது வாய் நிறைய உப்புத் தண்ணீரும் வெள்ளை ஜவ்வுத் துண்டுகளும் வந்ததாகச் சொன்னார். டிபி என்று நினைத்து வேறோர் இடத்தில் மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சளியில் டிபி கிருமி ஒருமுறைகூடத் தெரியவில்லை. சிடி ஸ்கேனில் கட்டிக்குள் கொஞ்சம் காற்று, கொஞ்சம் நீர், நீர்மட்டத்தில் மிதக்கும் கிழிந்த சவ்வு. தண்ணீரில் மிதக்கும் அல்லி போலத் தெரிவதால் அல்லிக் குறி என்று நாங்கள் படித்தது அப்படியே கண்முன் இருந்தது. இது ஆளுக்கு ஆள் தொற்றாது என்று சொன்ன பிறகுதான் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு வைப்பதை விட்டார்கள்.

இந்தப் புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேட, ரத்தத்தில் எலிசா என்ற பரிசோதனை செய்யலாம்தான். ஆனால் நுரையீரல் கட்டி உடையாமல் முழுசாக இருக்கும்போது அது நெகட்டிவ் என்று வருவது உண்டு. அந்தத் தாளை நம்பி, என்ன கட்டி என்று பார்க்க ஊசி போட்டு உறிஞ்சுவதுதான் எனக்குப் பெரிய பயம். உள்ளிருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். புழுவின் தலைகள் சிதறிப் புதிய கட்டிகளும் முளைக்கலாம். கல்லீரல் கட்டிக்கு ஊசி வழிச் சிகிச்சை உண்டு. நுரையீரலுக்கு அதைச் செய்வதில்லை.

பெரிய கட்டிக்கு அறுவை சிகிச்சைதான். சுற்றிலும் உப்புக் கரைசலில் நனைத்த துணியைப் பரப்பி, நல்ல நுரையீரலை முடிந்தவரை விட்டுவிட்டு, கட்டியை மட்டும் எடுப்பார்கள். பெரிய கட்டிக்கு முன்னாடியே அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை கொடுத்தால் சுவர் பலவீனமாகி உடையக்கூடும். அதனால் பெரும்பாலும் அறுவை முடிந்த பிறகுதான் தொடங்குவோம். அறுவைக்கு இடமில்லாதவர்களுக்கும் சிறு கட்டிகளுக்கும் மாத்திரை மட்டுமே போதலாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் நன்றாக ஏறும். இடையிடையே கல்லீரல் பரிசோதனையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கவேண்டும்.

அப்புறம், வயிற்றை ஸ்கேன் செய்ய மறக்கவேண்டாம். கல்லீரலில் இன்னொரு கட்டி ஒளிந்திருப்பது உண்டு. வருடங்கள் கழித்தும் திரும்ப வரக்கூடியது என்பதால் தொடர்ந்து படம் எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து கொடுக்கச் சொல்கிறேன். ஆட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் அதற்குப் போடவேண்டாம் என்றும். ஆட்டின் உறுப்புகளில் இருக்கும் இதே கட்டியைத் தின்றுதான் நாய்க்குப் புழு வருகிறது.