கீட்ஸின் இலையுதிர்காலம்

செப்டம்பர் 19

1819-இல் இதே தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் இட்சென் ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வந்து 'டு ஆட்டம்' எழுதினார். இலையுதிர்காலத்தைப் பார்த்துப் பேசுகிற கவிதை. மூன்று பகுதி, பகுதிக்கு 11 வரி. அப்போது அவருக்கு வயது 23.

செப்டம்பர் 21

இந்தத் தேதியில்தான் நண்பர் ரெனால்ட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல் இவ்வளவு பிடித்ததே இல்லை, வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிட அதுவே மேல், பார்க்கவே கதகதப்பாக இருக்கிறது என்கிறார். மொட்டை வயலில் கதகதப்பைக் கண்ட கண் அது!

செப்டம்பர் 22

கவிதையின் இரண்டாம் பகுதியிலேயே நின்றுவிட்டேன். இலையுதிர்காலம் அங்கே ஓர் ஆளாக வருகிறது. தானியக் களஞ்சியத் தரையில் உட்கார்ந்திருக்கிறது, தூற்றும் காற்றில் தலைமுடி பறக்கிறது. பாதி அறுத்த வயலில், கசகசாப் பூ வாசனையில் மயங்கித் தூங்கிப்போகிறது. அதனால் அடுத்த வரிசைக் கதிரும் அதைச் சுற்றிய பூக்களும் அரிவாளுக்குத் தப்புகின்றன. அப்புறம் ஆப்பிள் சாறு பிழியும் இடத்தில், கடைசிச் சொட்டுகள் வடிவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லை. அந்த வரியின் நீளமான ஓசையும் அப்படியே மெல்ல வடிகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும்.

செப்டம்பர் 24

கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தவர். தம்பி டாம் காசநோயில் 1818 டிசம்பரில் இறந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அடுத்த வசந்தத்தில் எழுதிய நைட்டிங்கேல் பறவைக் கவிதை 'என் நெஞ்சு வலிக்கிறது' என்றுதான் தொடங்குகிறது. செப்டம்பர் கவிதையிலோ 'நான்' என்ற சொல்லே கிடையாது. 1820 பிப்ரவரியில் இருமலில் ரத்தம் வந்தது. ஒரு வருஷம் கழித்து ரோமில் இறந்தார், 25 வயதில்.

முடிவைத் தெரிந்துகொண்டு அடங்கிப்போனவரின் கவிதை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. வசந்தத்தின் பாட்டெல்லாம் எங்கே என்று கேட்டுவிட்டு, அதை நினைக்காதே, உனக்கும் உன் இசை இருக்கிறது என்கிறார். சொன்னதோடு விடாமல் கொசுக்கூட்டம், வளர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிகள், வெட்டுக்கிளி, ராபின் பறவை என்று ஒவ்வொரு குரலாகக் கேட்கவும் வைக்கிறார். ஊரைவிட்டுப் போவதற்காகக் கூட்டமாகச் சேரும் தகைவிலான் குருவிகளும் அதில் உண்டு. அடங்கிப்போன மனசு இத்தனை கூர்மையாகக் காது கொடுக்காது.