ஓடும் கணினியை நிறுத்தாமல் பேக்கப் எடுக்க

லைவ் சர்வரில் டார் (tar, ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கட்டளை) போட்டால், ‘படிக்கும்போதே ஃபைல் மாறிவிட்டது’ என்று அடிக்கடி எச்சரிக்கும். எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) 1. லாக் ஃபைல் என்றால் விட்டுவிடலாம். டேட்டாபேஸ் ஃபைல் என்றால் விடமுடியாது. 20 ஜிபியைப் படித்து முடிப்பதற்குள் நடுவில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். தலை பழையது, வால் புதியது என்று ஒரு பிரதி கிடைக்கும். அப்படி ஒரு நிலை அந்த டிஸ்க்கில் எந்த நொடியிலும் இருந்ததில்லை. திடீரென்று கரண்ட் போன டேட்டாபேஸ்கூட ஜர்னல் என்னும் மாற்றங்களின் பதிவேட்டைப் படித்து எழுந்துவிடும், இது எழும் என்று நம்ப முடியாது.

ஆகவே முதலில் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு நொடி நிலையை அப்படியே உறையவைப்பது), பிறகுதான் காப்பி. இசட்எஃப்எஸ் (ZFS), பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வரி வேலை. எல்விஎம் (LVM, டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) என்றால் இடத்தை முன்பே கணக்குப் போட வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்தபின் ஒரு பிளாக்கில் முதல்முறை எழுதும்போது, அதன் பழைய பிரதி ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் போகும். காப்பி 2 மணி நேரம் ஓடும், மணிக்கு 3 ஜிபி எழுதப்படும் என்றால் 6 ஜிபி தேவை, 12 ஒதுக்குங்கள். அது நிரம்பினால் மூல வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது, ஸ்னாப்ஷாட் மட்டும் செல்லாததாகிவிடும். காப்பி முடிந்ததும் எல்விஎஸ் (lvs) கட்டளை காட்டும் சதவீதத்தைப் பாருங்கள். 100 என்றால் அந்த பேக்கப்பைத் தூக்கிப் போடவேண்டியதுதான். தானாக இடம் கூட்டும் வசதி எல்விஎம்மில் உண்டு, ஆனால் டீஃபால்ட்டாக அணைந்தே இருக்கும்.

எக்ஸ்எஃப்எஸ் (XFS) ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆக (ஒரு டைரக்டரியில் இணைய) மறுக்கும். மூலத்துக்கும் அதற்கும் ஒரே யூயூஐடி (UUID, அடையாள எண்). நோயூயூஐடி (nouuid) ஆப்ஷன் சேர்த்தால் போதும்.

டேட்டாவும் அதன் டிரான்சாக்‌ஷன் லாகும் தனித்தனி வால்யூமில் இருந்தால்தான் உண்மையான சிக்கல். இரண்டுக்கும் அடுத்தடுத்து ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் நடுவில் ஒரு நொடி இடைவெளி இருக்கும். அது போதும் கெடுக்க. இங்கே டேட்டாபேஸின் சொந்த டம்ப் கருவியே (உள்ளடக்கத்தை வெளியே எழுதித்தருவது) பாதுகாப்பு. மைஎஸ்க்யூஎல் டம்ப்பில் சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன் இன்னோடிபி (InnoDB) வகை டேபிள்களுக்கு மட்டுமே பலன் தரும். டம்ப் ஓடும்போது யாரும் டேபிள் அமைப்பை மாற்றவும் கூடாது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறையில் ஓடினால், சமீபத்திய மாற்றங்கள் பக்கத்து வால் ஃபைலில் கிடக்கும். ஓடும்போது மெயின் ஃபைலை மட்டும் காப்பி செய்தால் அவை போய்விடும். அதற்கென்றே உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். காப்பி வெளியே போனதும் அதை அழித்துவிடுங்கள். எல்விஎம்மில் விட்டுவைத்தால் எழுதும் வேகம் குறையும்.

ஸ்கிரிப்ட்டில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. மவுண்ட் தோற்றால் அந்த டைரக்டரி காலி. டெலீட் ஆப்ஷனோடு (மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிப்பது) ஆர்சிங்க் (rsync, காப்பி கருவி) ஓடினால், காலி டைரக்டரியைப் பார்த்து, நல்ல பேக்கப்பை முழுக்கத் துடைத்துவிடும். எக்ஸிட் கோட் 0 என்றே வரும், எச்சரிக்கைகூட இருக்காது. அதனால் ஆர்சிங்க்குக்கு முன்னால் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்து, மவுண்ட் இல்லையென்றால் ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்துங்கள். ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுக்கும்போது, ஃபைல் நடுவில் காணாமல்போனது என்ற 24-ஆம் கோட் வரவே கூடாது. வந்தால், லைவ் பாதையிலிருந்துதான் காப்பி போய்க்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.