பானெட்டில் ஒரு குதிரை

“கோயில் குதிரைக்கே திருவிழாவுக்குத் திருவிழா வர்ணம் மாத்துறோம். வண்டியில இருக்குற குதிரை மட்டும் எதுக்குண்ணே பத்து வருஷம் நிக்கணும்?”

வண்டிகளுக்குப் படம் வரைவது என் தொழில். பத்து வருஷம் நிற்கும் நிறத்தில்தான் வரைவேன் என்று நான் சொன்னதற்கு இப்படிக் கேட்ட தம்பிக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். “கோயில் குதிரைக்கு வர்ணம் அடிக்க ஊரே வரி போட்டு வரும். உன் பானெட்டுக்கு யாரு வருவா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரிண்ணே, உங்க இஷ்டம்” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

அது சம்மதம்தானா என்பதுதான் இத்தனை காலமாக உறுத்துகிறது.

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் அவருக்கு. சிங்கப்பூரில் வேலை. ஊர் அய்யனார் கோயில் திருவிழாவுக்காக லீவில் வந்திருந்தார். கறுப்பு ஜீப். பானெட் முழுக்க முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரை வேண்டும், அதன் பிடரி தீயாக எரிய வேண்டும், அந்தத் தீ ஃப்ளோரசன்ட் ஆரஞ்சில் இருக்க வேண்டும். போனில் படம் காட்டினார். கையில் ஒரு ஸ்ப்ரே டப்பாவும் இருந்தது. சைலன்சருக்கு அடிக்கிற ரகம், 600 டிகிரி தாங்கும் என்று மேலே போட்டிருந்தது. “பானெட்டு சூடாகுமேண்ணே, அடியில இதை அடிச்சிட்டு மேல வரைஞ்சுடுங்க” என்றார்.

அவர் யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. சித்திரை வெயிலில் நின்ற கறுப்பு பானெட்டில் கை வைக்க முடியாது. 70 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், எஞ்சின் சூடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனாலும் சைலன்சர் சூடு வேறு, இது வேறு. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயின்ட் நன்றாக இறுகிவிட்டால் இந்தச் சூட்டைத் தாங்கும். வண்டி தயாராகும் இடத்தில் வெறும் பாடியைச் சுமார் 140 டிகிரியில் வைத்துச் சுடுகிறார்கள். ஒயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய பிறகு அவ்வளவு சூடு காட்ட முடியாது என்பதால், பட்டறையில் அடிக்கும் பெயின்டை 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் இறுகும்படி செய்திருக்கிறார்கள். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது சிலிக்கோன் ரெசின். சுமார் 200 டிகிரி சூடு பட்டால்தான் அது முழுசாக இறுகும். சைலன்சரில் வண்டி ஓட ஓடத் தானாக இறுகிவிடும். பானெட்டில் அந்தச் சூடு என்றைக்கும் வராது. கடைசிவரை மெத்தென்றே கிடக்கும், பெட்ரோல் பட்டால் துணியோடு வந்துவிடும். அதன் மேல் கெட்டியான கிளியரை, அதாவது படத்தைக் காக்கக் கடைசியில் அடிக்கும் நிறமில்லாத பூச்சைப் போட்டால், வெயிலில் தகடு விரிந்து இரவில் சுருங்கும்போது ஒருநாள் விட்டுவிடும்.

இதைச் சொன்னதும் டப்பாவை வாங்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு சஞ்சலமும் இல்லை. தொழில் தெரிந்தவன் சொல்லியே ஆக வேண்டியது அது. ஆரஞ்சு விஷயம் அப்படிப்பட்டதல்ல.

பானெட் படத்தைச் சூடு தின்றுவிடும் என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகமாகத் தின்பது வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர். எந்த நிறம் எவ்வளவு தாங்கும் என்பது அந்த நிறத்தின் பிறப்பைப் பொறுத்தது. இரும்பு ஆக்சைடில் வரும் காவி, டைட்டானியம் வெள்ளை, கார்பன் கறுப்பு இவை எல்லாம் அசையாது. தாலோ நீலமும் பச்சையும் நன்றாக நிற்கும். சிவப்பில் குயினாக்ரிடோனை நம்பலாம். மலிவு விலையில் கிடைக்கும் சில மஞ்சளும் சிவப்பும் இரண்டு கோடைக்குள் வெளுத்துவிடும். ஃப்ளோரசன்ட் அதையும் விட மோசம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும் வாங்கி, அதை ஆரஞ்சாகத் திருப்பித் தருவதால்தான் அதற்கு அந்தப் பளிச். எந்த வெளிச்சத்தை வாங்கி எரிகிறதோ அதே வெளிச்சத்தில் செத்தும் போகும். மேலே புற ஊதாவைத் தடுக்கும் கிளியரைப் போட்டால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஆனால் பளிச்சிலும் கொஞ்சம் குறையும். வேறு வழி கிடையாது.

இதையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “ரெண்டு திருவிழா பாத்தா போதும்ணே” என்றார். நான் விடவில்லை. வெளுத்த குதிரையோடு வண்டி ஊருக்குள் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றேன். அப்போதுதான் அந்தக் கோயில் குதிரைக் கேள்வியைக் கேட்டார்.

அந்தக் கேள்வி விளையாட்டாக வந்ததில்லை. எங்கள் பக்கத்து அய்யனார் கோயில்களில் சுதைக் குதிரைக்கு வர்ணம் பூசுவது திருவிழாவின் ஒரு பகுதி. நேர்ந்துகொண்டு வைக்கிற மண் குதிரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதுசு வரும், பழசு அப்படியே மழையிலும் வெயிலிலும் கரைந்து கிடக்கும். அதை யாரும் ஒட்டவைப்பதில்லை, குறையாகவும் நினைப்பதில்லை. எனக்கும் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சிதான். அதையே ஒருவர் என் தொழிலுக்குள் கொண்டுவந்து வைத்தபோது, மறுப்புச் சொல்வதில்தான் என் புத்தி போனது.

என் மனதில் இருந்தது பெரிய கோயில். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில். கருவறையைச் சுற்றி உள்ளே போகும் இருட்டுப் பாதையில் சோழர் கால ஓவியம் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே சுண்ணம் பூசி வேறு படம் எழுதினார்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி அந்த மேல் பூச்சு விட்டுப்போன இடத்தில் அடியில் இருந்த சோழர் ஓவியத்தைக் கண்டுபிடித்தார். சுவரில் எழுதிய வர்ணம் அத்தனை நூற்றாண்டு அடியில் கிடந்தும் நின்றிருக்கிறது என்ற பெருமையில்தான் நான் பிரஷ் பிடித்தேன். ஆனால் அந்தச் சுவரில் வெயில் படாது. என் பானெட்டோ நாள் முழுக்க வயலுக்கு நடுவே போகும் ரோட்டில் காய்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அந்தச் சுவரையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

வேலையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிடரிக்கு முதலில் வெள்ளை, அதன் மேல் வெயில் தாங்கும் மஞ்சள், அதற்கும் மேல் குயினாக்ரிடோனை மெல்லிசாகத் தின்னரில் கரைத்து ஏர்பிரஷில் அடுக்கடுக்காக ஏற்றினேன். நிழலுக்குக் காவி. தீயைச் சுற்றிக் கருநீலம் வைத்ததால் ஆரஞ்சு தூக்கித் தெரிந்தது. சித்திரை மாதம் கிளியர் அடிப்பது ஒரு போராட்டம். ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏற ஏற அந்தத் தூசி பட்டறைக்குள் வரும். தரையை நனைத்து வைத்தால் தூசி அடங்கும், ஈரம் ஏறிவிடும். ஹார்டனருக்கும் ஈரத்துக்கும் ஆகாது. தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழ் விடும். அதனால் கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால், மெதுவாகக் காயும் ஹார்டனரையும் தின்னரையும் கலந்து அடித்தேன். முதல் கோட்டு விரலில் ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் அடுத்த கோட்டு. அவசரப்பட்டால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே மாட்டிய தின்னர் வெயிலில் கொதித்து ஊசித்துளை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2கே கிளியரின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இதை அடிக்கும் பையன்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். துண்டு அதைத் தடுக்காது. ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் வாசம் பட்டாலும் மூச்சு முட்டும். படம் பத்து வருஷம் நிற்க வேண்டும் என்று பேசுகிற நாம், அடிக்கிற பையனையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வண்டியை எடுக்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போனை எடுத்து அந்தப் பழைய படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். “நல்லாருக்குண்ணே” என்றார். பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். பிடித்திருந்தால் கொஞ்சமாவது பேரம் பேசியிருப்பாரோ என்று பிறகு தோன்றியது. ஊருக்குப் போகும் அவசரமாகவும் இருந்திருக்கலாம்.

திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார், போனேன். கோயில் வாசலில் நீல விளக்காகப் போட்டு வைத்திருந்தார்கள். நீல வெளிச்சத்தில் என் ஆரஞ்சு மங்கி, பழுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பையன் மாட்டியிருந்த ஃப்ளோரசன்ட் தொப்பி மட்டும் தணலாக எரிந்தது. அவர் கேட்ட நிறம் அந்த ராத்திரிக்குத்தான் கேட்கப்பட்டது என்று அங்கே நின்றபோது புரிந்தது. ஆனால் மறுநாள் காலை வெயிலில் அதே குதிரை எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன், அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வருஷம் கழித்து அவர் ஜீப்பை விற்றுவிட்டார். வாங்கியவர் நாகப்பட்டினம் பக்கம். பழைய சொந்தக்காரர்தான் என் பட்டறையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பானெட்டை வெறும் கறுப்பாக மாற்றித் தரவேண்டும் என்றார். “வேலை நல்ல வேலைங்க. ஆனா அது எங்க குலதெய்வம் இல்லீங்களே. வேற ஊரு சாமி குதிரைய முன்னாடி வச்சுக்கிட்டு ஓட்டுறது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றார். தேய்ப்பதற்கு முன்னால் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கடற்காற்றுப் பக்கம் போய்வந்த பிறகும் கிளியர் எங்கேயும் விடவில்லை. பறவை எச்சம் பட்ட ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் லேசாக அரித்திருந்தது. ஆரஞ்சு நான் அடித்த நிறத்திலேயே இருந்தது. பட்டறைப் பையன் வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்துவிட்டு, “போகவே மாட்டேங்குதுண்ணே” என்றான். அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சந்தோஷம் கசந்தது. அவர் விரும்பிய தீ ஒரு திருவிழாவுக்குக்கூட எரியவில்லை. அவர் விரும்பாத உறுதி, அவர் வண்டியை விட்டுப் போன பிறகும் நின்றது. ஃப்ளோரசன்ட் அடித்திருந்தால் இதற்குள் வெளுத்துப் போயிருக்கும், தேய்க்கும்போது யாருக்கும் மனசு பதறியிருக்காது.

இப்படி யோசிக்கும்போதே இன்னொரு பக்கம் எழுந்துவிடும். வெளுத்திருந்தால், இது இன்ன பட்டறை வேலை என்றுதான் ஊர் பேசியிருக்கும். கேட்டதைக் கொடுத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல முடியுமா? அப்படியென்றால் பத்து வருஷம் என்று நான் பிடிவாதம் பிடித்தது அவருக்காகவா, என் பெயருக்காகவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. டாக்டரோ கொத்தனாரோ இப்படிப் பிடிவாதம் பிடித்தால் சரி என்போம், அங்கே உயிர் இருக்கிறது. வண்டிப் படத்தில் என்ன இருக்கிறது? அது அவர் வண்டி, அவர் சாமி, அவர் காசு. ஆனாலும் நிற்காது என்று தெரிந்த நிறத்தை எடுக்க என் கை வரவில்லை. அதைத் திமிர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது பட்டறைக் கூரை மேல் தகடுகளை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்தையும் அடித்து, மேலே கிளியர் போட்டு, பாதியை மூடி பாதியை வெயிலில் காட்டியது. வருகிறவர்களிடம் அதைக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன், அவர்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று. சமீபத்தில் பாபநாசத்திலிருந்து ஒரு பையன் வந்தான். வெளுத்த பாதியையும் வெளுக்காத பாதியையும் நன்றாகப் பார்த்தான். “எனக்கு ஃப்ளோரசன்ட்டே போதும்ணே, போனா போகட்டும்” என்றான். சரி என்று அதையே அடித்துக் கொடுத்தேன். கிளியர் மட்டும் வழக்கத்துக்கு மேல் ஒரு கோட்டு கூடப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை.